என் குட்டை மூச்சு வாங்கின காலை

பாகூர் பக்கம் பெரிய ஏரியைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. என் குட்டையைப் பத்தி நான்தான் பேசணும், பேசுறேன். ஊரார் நெலத்துல கூலிக்கு மண்ணு வெட்டினவன் நான். நெல்லும் வராது, கரும்பும் வராதுன்னு யாரும் சீந்தாத களர் நெலத்தை வாங்கி, நானே வெட்டித் தண்ணி நிறுத்தி, கட்லா, ரோகு மீன்குஞ்சு விட்டேன். மூணாவதுக்கு மேல பள்ளிக்கூடம் போகலை. இன்னிக்குக் கடலோரத்து நல்லவாட்டுல கடல் மீனு விக்கிறவங்ககூட என் மீனைக் கேட்டு வர்றாங்க.

நிக்கிற தண்ணி எல்லாம் ஒண்ணுதான்னு நினைக்கிறவங்க, வெயில் காலத்துல குட்டையில எறங்கிப் பாக்கணும். நெஞ்சு மட்டத்துல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். பாதம் மட்டும் ஜில்லுன்னு இருக்கும். மேல் தண்ணிக்குக் காத்து உண்டு, வெளிச்சம் உண்டு. அடித்தண்ணி சேத்தோட படுத்து நாறிக்கெடக்கும், அங்க மீன் தங்காது. ரெண்டும் கலக்காத வரைக்கும் வம்பில்லை. இதை என் காலு எனக்குச் சொல்லிக் குடுத்துது.

ஒரு ஆடி மாசம், நல்லா காஞ்ச பிறகு ராத்திரி பூரா குளிர்ந்த மழை. விடியக்காலம் போய்ப் பாத்தா, குட்டை முழுக்க மீனு மேல வந்து வாயைப் பொளந்துக்கினு நிக்குது. குளிர்ந்த மழைத்தண்ணி கனத்து உள்ளே எறங்கி, அடித்தண்ணியைக் கெளப்பிவிட்டுது. மீனுக்கு மூச்சு இல்லை. எல்லாம் அரை வளர்த்தி. அது செத்தா குட்டை திரும்பவும் களர்தான், நான் திரும்பவும் அடுத்தவன் நெலத்துல மம்மட்டிதான்.

எங்க பக்கம் மீன் மேல ஏறுதுன்னா ஊரே கூடையைத் தூக்கும். அன்னிக்கும் வந்துட்டாங்க. என் பொண்டாட்டியோட தம்பி வேட்டியை மடிச்சுக் கட்டிட்டான்.

"மாமா, அதுவே வந்து வாயைத் தொறக்குது. வலையைப் போடு மாமா. சாவறதுக்குள்ள கெடைக்கிற வரைக்கும் லாபம்."

"கால வெச்சியின்னா ஒடச்சிடுவேன் மச்சான். சேறு கலங்குச்சின்னா இருக்கிற மூச்சும் போயிடும்."

கூடையோட வந்த பக்கத்து வூட்டுக்காரி சும்மா இருப்பாளா. "ரெண்டு மீனுக்கு இந்தப் பாடா? பெரிய மனுசன் ஆயிட்டாரில்ல."

"ஆமாமா, ஆயிட்டேன். செத்த மீனு எல்லாம் உனக்கு. உசுரோட இருக்கிறதைத் தொடாத."

கரையில டீசல் இன்ஜின் இருந்துது. அதோட உறிஞ்சு குழாய் எப்பவும் அடியில கெடக்கும். அப்படியே ஓட்டினா நாறுன தண்ணியைத்தான் மொண்டு ஊத்தும். காலி கேன் ரெண்டைக் குழாய் முனையில கட்டினேன். மூங்கில் கழியால தள்ளினதும் முனை மேல் தண்ணியிலேயே மிதந்துது.

"கூடையோட நிக்கிறாங்க, நீ இன்னாய்யா கயிறு கட்டிக்கினு கெடக்கிற?" என் பொண்டாட்டி கத்தினா.

"அந்தக் கூடைதான் எனக்கு வேணும்."

பக்கத்து வூட்டுக்காரி கையில இருந்த மூங்கில் கூடையை வாங்கி, தண்ணி கொட்டுற குழாய் வாயில தொங்கவிட்டேன். இன்ஜின் ஓடினதும் தண்ணி கூடைக் கண்ணு வழியாச் சிதறி, காத்தை அள்ளிக்கினு மழையா விழுந்துது. விழற எடத்துக்கு மீனு வந்து மொய்ச்சுது. மச்சான் மடிச்சுக் கட்டின வேட்டியை எறக்கி விட்டுட்டு டீசல் வாங்க ஓடினான்.

மேகம் வெலகி வெயில் வந்துது. ஒவ்வொண்ணா மீனு கீழ எறங்கிச்சு. கடைசியில தண்ணி மட்டும்தான் தெரிஞ்சுது. மீனு கண்ணுல படாததுக்கு சந்தோசப்பட்ட மீன்காரன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். கொஞ்சம் செத்துது, சொன்னபடி பக்கத்து வூட்டுக்காரிக்கே குடுத்தேன். ஆனா தண்ணி அடிச்ச அடியில அவ கூடை பிஞ்சுபோச்சு.

கார்த்திகையில வலை இழுத்தப்போ புதுக் கூடை ஒண்ணு வாங்கி, வாய் நெறைய மீனு போட்டு, தெருவே பாக்கத் தலையில வெச்சுக்கினு போய் அவ வாசல்ல நானே எறக்கினேன். யாரையாவது விட்டு அனுப்பியிருக்கலாம். எதுக்கு அனுப்பணும்?