இடம் மாறி உட்காரும் எண்

சிவகாசி அச்சகத்தில் லாட்டரிச் சீட்டுக்கு நம்பர் அடிக்கும் மிஷினில் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், விரலெல்லாம் மை. டீ வந்ததும், சீட்டு மடிக்கும் எங்களுக்குக் கழிவுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவார்.

“142857. ரெண்டால பெருக்குனா 285714. மூணால பெருக்குனா 428571. அதே ஆளுகதான், இடம் மாறி உக்காருறாக. ஏழால பெருக்குனா அம்புட்டும் ஒம்போது!”

எனக்குக் கூட்டல் மட்டும் வரும். இப்படிக் கலையாத நம்பர் கைவிடாது என்று நம்பி, கம்மலை அடகு வைத்து, சாத்தூர் வரை அலைந்து அந்த நம்பர் சீட்டுகளாக வாங்கினேன். ஒன்றும் விழவில்லை.

என் வெறுங்காதைப் பார்த்து விசாரித்தவர் பதறிப்போனார். “நம்ம அடிக்கிற சீட்டை நாமளே நம்பலாமாக்கா? கணக்கோட அழகு குலுக்கலுக்குத் தெரியுமா? என்னாலதான போச்சு, நானே மீட்டுத் தாரேன்.”

“என் கம்மலை மீட்க எனக்குத் தெரியும். நீங்க அடுத்த கணக்கைச் சொல்லுங்க” என்றேன் வீறாப்பாக.

அவர் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெண்டு மாசக் கூலியைச் சேர்த்துக் கம்மலை மீட்டுப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். “நல்லாருக்குக்கா” என்று சொல்லிவிட்டு, கழிவுத்தாளைக் கசக்கி விரல் மையைத் துடைத்தார்.

அதற்கப்புறம் அவர் யாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. அவ்வளவு ஆசையாகப் பேசிய வாயை நான்தான் அடைத்தேனோ என்று இன்னும் உறுத்துகிறது.