கவிழ்த்த முட்டி

கடையில் வாங்கிய தயிரை நேற்றுக் கவிழ்த்துப் பார்த்தேன். அது என் அம்மாவின் பழக்கம். இரவு பாலில் உறை விட்ட மண்முட்டியை விடியக் கவிழ்த்துப் பிடிப்பார். தயிர் விழாவிட்டால்தான் பால் நல்ல பால்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம், நான் சிறுமி. பக்கத்து வளவுப் பாக்கியக்கா சீமைக் காளைக்குப் பிறந்த பசு ஒன்றை வாங்கினார். அதன் பாலில் அம்மா முதன்முதல் உறை விட்ட தயிர், விடிந்ததும் அவருடைய சீலையில் கொட்டியது.

“பாக்கியக்கா, மறைக்காமல் சொல்லுங்கோ. பாலுக்கை தண்ணி விட்டனீங்களோ?”

“என்ரை பிள்ளையளாணை ஒரு சொட்டும் விடேல்லை!”

அடுத்த நாள் பாக்கியக்கா பசுவையே எங்கள் வளவுக்குள் கொண்டுவந்து கட்டிக் கறந்தார். அம்மா முதலில் வெறுஞ்செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். கழுவிய மடியின் ஈரத்தையும் தானே துடைத்தார். கறந்து முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பாலின் தயிரும் கொட்டியது. வேலிக்கு அப்பால் நின்ற பசுவை அம்மா நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப, வெள்ளைக்காரங்கள் தண்ணியை மாட்டுக்குள்ளையே விட்டு அனுப்பியிருக்கிறாங்கள்.”

இனம் கலந்தால் பாலில் புரதம் குறையலாம், அது குறைந்தால் தயிர் இறுகாது என்று மிருக வைத்தியம் படித்த என் மகன் விளக்குகிறான். அம்மாவும் அதைத்தானே சொன்னார்!

நேற்றைய கடைத் தயிர் கவிழ்த்தும் விழவில்லை. உலுக்கினேன், அப்போதும் விழவில்லை.

“நல்ல தயிரம்மா, சாப்பிடுங்கோ,” என்றான் மகன்.

நான் தொடவில்லை. இப்படி இறுகி நிற்க இதுக்குள்ளை எதை விட்டாங்களோ?