மதிலுக்கு மேல் தெரியாத மரவள்ளி

1996 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரவள்ளித் தடி ஒன்றுக்காக, இத்தாலியில் நான் இருந்த பலெர்மோவிலிருந்து பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போனேன். மனைவி வசந்தி கொழும்பு லொட்ஜில் காத்திருந்தாள். அவளை அழைக்கும் பத்திரங்கள் இங்கே குவெஸ்தூராவில், பொலிஸ் அலுவலக மேசையில் கிடந்தன. அவள் வந்து இறங்கும்போது பல்கனியில் மரவள்ளி நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு விசர். மூன்று வருடம் தனியே படுத்தெழும்பியவனுக்கு வேறு என்ன தோன்றும்?

காலை 9.10 ரயில். பதினைந்து கிலோமீற்றர், கால் மணித்தியாலம், டிக்கெற் இரண்டாயிரத்து இருநூறு லீரா. அங்கிருந்து இருபது நிமிட நடையில் ஒரு பழைய மாளிகை. நண்பன் யோகனுக்கு அங்கே தோட்ட வேலை. மரவள்ளி நிற்கிறது என்று சொன்னவனும் அவன்தான்.

பின்மதில் ஓரம் ஆறு செடிகள். விரல் விரித்த இலை, மரவள்ளியேதான். ஆனால் இடுப்பளவு உயரம். கணுக்கள் நெருங்கி, அடியிலிருந்தே கிளை விட்டுப் புதராக நின்றன. நம்முடைய மரவள்ளிக்குத் தலையில்தானே இலை?

"என்னடாப்பா, இவ்வளவு கட்டையாய் நிக்குது?"

"இஞ்சத்தைக் குளிருக்கு அப்பிடித்தான் மச்சான். நீ முறி," என்றான் யோகன்.

ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஒரு தடியை முறித்துப் பைக்குள் வைக்கும்போது மாளிகைச் சொந்தக்காரி சிஞ்ஞோராவின் தம்பி வந்தார். பையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கஞ்சாவாம்! உயரமானவற்றைக் கழித்து, கட்டையானதிலேயே விதை எடுத்து, பல வருடமாக உருவாக்கிய இனமாம். மதிலுக்கு மேல் தலை தெரியக் கூடாதல்லவா?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தடியோடு பிடிபட்டிருந்தால் என் வதிவிட அனுமதி போயிருக்கும். வசந்தியும் வந்திருக்க மாட்டாள். பையை உதறிவிட்டு வெறுங்கையோடு ரயிலேறினேன். எதிர் இருக்கையில் இரண்டு பொலிஸ்காரர்!

மாலையில் தொலைபேசிப் பூத்திலிருந்து வசந்தியிடம் சொன்னேன்.

"மரவள்ளி இல்லாட்டி வரமாட்டன் எண்டு ஆர் சொன்னது? நீங்கள் என்ரை பேப்பர் அலுவலைப் பாருங்கோ."

பேசி முடித்தும் பூத்தை விட்டு வெளியே வர மனமில்லை. அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

பகேரியா போகிறவர்களுக்கு: ஞாயிறுகளில் ரயில் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே பார்த்து வையுங்கள். வெயில் ஏறுமுன் மாளிகைகளைப் பார்த்துவிடுங்கள். மதிலோரம் நிற்கும் எதையும் முறிக்காதீர்கள்.

வசந்தி அடுத்த ஆண்டு பங்குனியில் வந்தாள். பெட்டிக்குள், ஈரத்துணி சுற்றிய ஒரு சாண் மரவள்ளித் தடி! ஆவணிக்குள் அது பல்கனிச் சுவரைத் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டார் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"நுனியைக் கிள்ளிவிடட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம். தெரியட்டும்," என்றேன்.