ஏழாம் நம்பர் பொடிக்குப் போட்ட கோடு

ஷம்ஸியா என்ன வேலை பார்க்கிறாள் என்று மேலப்பாளையத்தில் அவள் தெருவில் கேட்டால், "மாத்திரை கம்பெனியில ஆபீஸ் வேலை" என்பார்கள். அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது. விளக்கிச் சொல்ல அவளுக்கும் பொறுமை கிடையாது. உள்ளபடி சொன்னால், பொடிகளுக்கு ஜாதகம் எழுதுகிற வேலை அது. எந்தப் பொடி கண்ணில் பட்டால் எரியும், எது மூச்சில் போனால் இழுப்பு வரும், எது தீப்பிடிக்கும், எது ஆற்றில் கலந்தால் மீன் செத்து மிதக்கும் என்று ஒவ்வொன்றையும் தரம் பிரித்து எழுத வேண்டும். கோப்புக்கு ஆங்கிலத்தில் பதினாறு பகுதியோடு நீளமாக ஒன்று, சுவரில் ஒட்டத் தமிழில் ஒரே பக்கத்துக்கு ஒன்று. சுவரில் ஒட்டியதை எவர் படிக்கப்போகிறார்? ரொம்ப நாள் அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. விட்டால் ஆடிட்டுக்கு வருகிறவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "மறந்துட்டீங்களோ?" என்று கேட்பார். அதனால் எழுத ஒன்றுமில்லாத கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். சோதித்துப் பார்த்து ஆபத்தில்லை என்று தெரிந்தாலும் கோடுதான். யாருமே சோதித்துப் பார்க்கவில்லை என்றாலும் அதே கோடுதான். அட, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிற்றே என்று யாருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. ஷம்ஸியாவுக்கும் தோன்றவில்லை.

வேதியியல் படித்தவள். கல்யாணமான மறு வருஷமே கம்பெனியில் சேர்ந்தாள். புருஷன் யஹ்யா சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவான். முதல் நாலு வருஷம் அவளுக்கு எடை அறையில் வேலை. அங்கே எடை போட்டது மூட்டுவலி மாத்திரைக்கான மூலப்பொடி. கம்பெனியில் அதற்கு ஏழாம் நம்பர் என்று பெயர். பச்சரிசி மாவு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். கரண்டியில் அள்ளிப் பையில் போட்டு எடை பார்க்கும்போது புகைபோல எழும்பிப் புருவத்தில் படியும். முகத்துக்கு ஒரு துணி மாஸ்க் கொடுத்திருந்தார்கள். சித்திரை மாத வெக்கையில் அதையும் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொள்வார்கள், அவளும்தான்.

அந்த நாலு வருஷத்தில் இரண்டு தடவை அவளுக்கு உண்டாகி, இரண்டு தடவையும் கலைந்துபோனது. முதலாவது ஒன்பதாவது வாரம். இரண்டாவது பதினாலாவது வாரம். "சில பேருக்கு இப்படி ஆவும்மா, மனசைப் போட்டு உழட்டாத" என்றார் டாக்டரம்மா. மாமியார் ஓதின தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். பக்கத்து வீட்டு ஸமீஹா, நடையைக் குறைக்கச் சொன்னாள். கம்பெனிக்கு எழுதிய லீவு லெட்டரில் இரண்டு தடவையும் "காய்ச்சல்" என்றே எழுதினாள். ஆம்பிளை மேலாளர் கையில் போகிற லெட்டரில் வேறென்ன எழுதுவது? இரண்டாவது தடவை பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அழுது முடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவள் அழவே ஆரம்பிக்கவில்லை.

பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் தொட்டது தெரியும், வலிக்காது. அப்படியே இருந்துவிட்டாள். சாப்பிட்டாள், பஸ் ஏறினாள், யஹ்யா போனில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு பாதுகாப்புப் பிரிவு மேலாளர் சங்கரசுப்பிரமணியன், "எம்மா, நீ கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளைல்லா, ஆபீசுக்கு வந்துரு" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். டவுன்காரர். நெற்றி நிறைய விபூதி. குரலை உயர்த்தத் தெரியாத மனுஷர். "அப்புறம் பாப்பம்" என்பதுதான் அவருக்கு எல்லா நோய்க்கும் மருந்து.

ஏழாம் நம்பர் பொடிக்குத் தமிழ்த் தாள் எழுதியது ஷம்ஸியாதான். ஆங்கிலத் தாளில், வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற இடத்தில், "தகவல் இல்லை" என்று இருந்தது. தமிழ்த் தாளில் கட்டம் சின்னது. மற்றக் கட்டங்களில் இழுத்ததுபோலவே ஒரு கோடு இழுத்தாள். அச்செடுத்து எடை அறைச் சுவரில் ஒட்டினாள். நாலு வருஷம் தான் நின்ற அதே இடத்துக்கு எதிரே ஒட்டிவிட்டு, டேப்பை நகத்தால் தேய்த்துச் சரிசெய்தாள். ஒன்றும் உறைக்கவில்லை.

சீவலப்பேரியிலிருந்து ப்ரியா என்று ஒருத்தி எடை அறைக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. ஒப்பந்தத் தொழிலாளி. டவுன் பஸ்ஸில் வண்ணார்பேட்டை வந்து, அங்கிருந்து ஷம்ஸியாவோடு கம்பெனி பஸ் ஏறுவாள். வாய் ஓயாது. ஒரு நாள் ஏறியதிலிருந்து பேச்சே இல்லை. பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது முந்தானையிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டாள். ஷம்ஸியா பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"எக்கா, ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சா?"

"எத்தன நாளு?"

"ஏழு வாரம். மூணு வருசங்கழிச்சுத் தங்கியிருக்குக்கா. யாருட்டயும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா நாளையில இருந்து வராதன்னுருவாவ. பிள்ளையப் பெத்துட்டு வந்தா இந்த எடம் இருக்குமா?" சற்று நேரம் ஊறுகாயைச் சப்பிவிட்டுக் கேட்டாள்: "அந்த ஏழாம் நம்பர் ஒண்ணும் செய்யாதுல்லக்கா? சுவத்துல இருக்க பேப்பரப் பாத்தேன். வயித்துப் பிள்ளைன்னு போட்டுருக்க எடத்துல கோடுதான் போட்டுருக்கு. அதான் தைரியமா நிக்கேன்."

"ஆமா, ஒண்ணும் செய்யாது" என்றாள் ஷம்ஸியா. யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது.

எட்டு நாள் கழித்து, இவர்கள் பொடி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து நாற்பது பக்கத்துக்கு ஒரு அறிக்கை வந்தது. அவர்கள் புதிதாகச் சோதனை செய்திருந்தார்கள். சினையாக இருந்த எலிகளுக்கு ஏழாம் நம்பரைக் கொடுத்துப் பார்த்ததில் பாதிக்குமேல் குட்டிகள் வயிற்றிலேயே கரைந்திருந்தன. ஷம்ஸியா டீயைக் குடித்துக்கொண்டே படித்தாள். பட்டியல்களைப் பார்த்தாள். எந்த அளவுக்கு எத்தனை குட்டி என்பதைப் பென்சிலால் குறித்தாள். இருபத்தாறாம் பக்கம் வந்தபோது டீ ஆடை கட்டியிருந்தது. தனக்கு நடந்ததை நினைத்தாளா என்றால், இல்லை. "ஆமா, ஒண்ணும் செய்யாது" என்று பஸ்ஸில் சொன்னதுதான் காதில் கேட்டது. அதைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை எட்டு நாள் அங்கே நின்றிருக்கிறாள். அடிப்பாவி, என்ன காரியம் செய்துவைத்தோம் என்று இருந்தது. ரொம்ப காலத்துக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ சுருக்கென்று குத்தியது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு சங்கரசுப்பிரமணியன் அறைக்குப் போனாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"எலிக்குத்தானம்மா வந்திருக்கு. திங்கக்கெழம நானூறு கிலோ எடை போடணும். அடுத்த மாசம் ஆடிட்டு. இப்பம் போயி புதுப் பேப்பரு ஒட்டுனா ஆயிரம் கேள்வி வரும். ஆடிட்டு முடியட்டும், அப்புறம் பாப்பம்."

"திங்கக்கெழமைக்கு முந்தி மாத்தணும் சார்."

"சரி, மாத்துதியா? 'சந்தேகம்'னு ரெண்டாம் பிரிவுல போடு. எச்சரிக்கைன்னு ஒரு வார்த்தையோட போயிரும். யாரையும் எடம் மாத்த வேண்டாம்."

"அப்படிப் போட முடியாது சார். தாய் எலிக்கு ஒரு சீக்கும் இல்ல. நல்லாத் தின்னுருக்கு, எடை கொறையல. குட்டி மட்டும்தான் போயிருக்கு. தாய்க்குச் சீக்கு வந்து அதனால குட்டி போச்சுன்னா சந்தேகம்னு போடலாம். இது முதல் பிரிவு. ஆபத்துன்னுதான் போடணும்."

அவருக்கும் அது தெரியும். முப்பது வருஷம் இதிலேயே கிடக்கிற மனுஷருக்குத் தெரியாமல் இருக்குமா? பேனாவை மூடித் திறந்தார்.

"இங்கன பாரும்மா. பத்து வருசமா இந்தப் பொடி ஓடுது. நம்ம கம்பெனில இதுவரைக்கும் எந்தப் பொம்பளைக்காவது ஏதாவது ஆயிருக்கா? ஒரு ரெக்கார்டு இருக்கா? இல்ல, இப்பம் அங்கன யாரும் அப்படி இருக்காவளா? இருந்தா சொல்லு, அவுகள மட்டும் மாத்திருவோம்."

ப்ரியா பெயரைச் சொன்னால் விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ப்ரியாவுக்கு வேலையும் அதோடு முடிந்துவிடும். ஷம்ஸியா மேஜைமேல் இருந்த வெற்றுத் தாளை இழுத்து, பதினோராம் பகுதியில் வருகிற ஒரு கட்டத்தின் தலைப்பை எழுதினாள்: மனிதர்களிடம் கண்டது. எந்தப் பொடிக்கும் அந்தக் கட்டத்தில் அவள் கோட்டைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. அதன்கீழ், அவர் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக எழுதினாள்: பெண் பணியாளர் ஒருவர். எடை அறையில் நான்கு ஆண்டு. கருச்சிதைவு இரண்டு, ஒன்பதாவது வாரமும் பதினான்காவது வாரமும். காரணம் உறுதிசெய்யப்படவில்லை.

சங்கரசுப்பிரமணியன் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"யாரும்மா இது? எனக்குத் தெரியாம?"

"நான்தான் சார்."

"நீ... நீ காய்ச்சல்னுல்லா லீவு போட்ட?"

"ஆமா சார். அப்படித்தான் எழுதுனேன்."

அவர் விபூதி அழிய நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வேலைப்பேச்சுக்கு வந்தார். "ஒரு ஆளுக்கு நடந்தத வச்சுப் பிரிவு போட முடியாதும்மா."

"அதுக்கு எலி போதும் சார். இது கண்டதுன்னு மட்டும்தான் போட்டுருக்கேன். பொடிதான் காரணம்னு எழுதல. எனக்கும் தெரியாது."

குரல் நடுங்கவில்லை. கொத்தமல்லி இருக்கிறதா என்று கடையில் கேட்கிற குரல்தான். அந்தக் குரல்தான் அவரை அடித்துப் போட்டது.

"எல்லாப் பொம்பளையளையும் லேபிள் பிரிவுக்கு மாத்திருங்க சார். யாரு எப்படி இருக்கான்னு கேக்க வேண்டாம். அங்கன ஆம்பிளையள் நிக்கட்டும், அவுகளுக்கும் நல்ல மாஸ்க்கு வாங்கிக் குடுங்க."

அன்றைக்கு அவர் "அப்புறம் பாப்பம்" என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்குமுன் ஷம்ஸியா பழைய தாளைக் கிழித்தாள். புதியதை ஒட்டினாள். சிவப்புச் சாய்சதுரத்துக்குள் நெஞ்சு வெடித்த மனித உருவம், அதன்கீழ் 'ஆபத்து', அதன்கீழ் 'வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யலாம்'. கடைசி வரியாக அவளுடைய இரண்டும் இருந்தன. பெயர் வைக்கிற வரைக்கும் தங்காதவை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அவளே எரித்துவிட்டாள். யஹ்யா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அந்த இரண்டும் வந்துபோனதற்கு இந்த உலகத்தில் இனி இருக்கிற எழுத்து இது ஒன்றுதான். டேப்பை நகத்தால் தேய்க்கும்போது விரல் அந்த வரியில் சற்று நின்றது.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினாள். ப்ரியா. தலைக்குல்லாய் கையில் இருந்தது. உதடு அசைய எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரை படித்து முடித்தாள். மறுபடி மேலே போய் 'ஆபத்து' என்ற வார்த்தையைப் படித்தாள்.

"எக்கா, கோடு போட்டிருந்துதே" என்றாள்.

"நான்தான் போட்டேன். பாத்துத் தெரிஞ்சு போட்ட கோடு இல்ல அது. யாரும் பாக்கலங்கதுக்குப் போட்டது. ஒன்கிட்ட பஸ்ஸுல சொன்னதும் தப்பு."

ப்ரியாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஒங்களக் கேட்டுட்டுத்தானக்கா நின்னேன். ஒன்றரை வருசமா இதுலதான் கெடக்கேன். இப்பம் எட்டு வாரம் ஆச்சு." கை தானாக வயிற்றுக்குப் போனது. "இதுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? சொல்லுங்கக்கா, ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஒண்ணும் ஆவாது என்று சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளைக்கு அப்போது வேண்டியது அந்த இரண்டு வார்த்தைதான். ஷம்ஸியாவின் வாயில் அது பழையபடி தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினாள். விழுங்கின இடம் தொண்டையில் வலித்தது, கண் நிறைந்துவிட்டது. எந்த வருஷத்து அழுகை இப்போது வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"தெரியாதும்மா" என்றாள். "எனக்குத் தெரியாது. கெளம்பு, இப்பமே டாக்டரம்மாட்ட போவோம். இந்தப் பேப்பரையும் எடுத்துக்கிடுவோம். நானும் வாரேன்."