முப்பத்தேழாம் நம்பர் கால்

ஜாஸ்மினுக்கு நாற்பத்தாறு வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக நடப்பதுதான் வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடப்பதுதான். லேடீஸ் ஷூ எதுவானாலும் அங்கே முதல் சாம்பிளை முப்பத்தேழாம் நம்பரில்தான் தைப்பார்கள். ஜாஸ்மினின் கால் அச்சு அசலாக முப்பத்தேழு. சாம்பிள் ரூமில் அதைப் போட்டுக்கொண்டு போய் வந்து, "விரல்ல புடிக்குது", "குதிகால் கழலுது" என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால் பேட்டர்ன் மாஸ்டர் ஆபித் பாஷா, ஷூவுக்கு அடிப்படையான, கால் வடிவக் கட்டையான அச்சையே திருத்துவார். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவன்கூட அவள் வாயைப் பார்த்தபடி நிற்பான்.

அவள் வாயைப் பார்க்க வேறு எங்கேயும் ஆள் கிடையாது. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. ஓசூரில் இருக்கும் தங்கச்சி கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் போடுவாள், அதோடு சரி. மாடி ரூமில் டிவி மட்டும்தான் பேசும்.

போன பங்குனியில் ஜுரம் வந்தது. விட்ட மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்தாள், ரூமே கிறுகிறுவென்று சுற்றியது. மூன்று நாள் வாந்தி. பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்தாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க நாதியில்லை. நாலாம் நாள் சுற்றல் நின்றது. ஆனால் தலையைத் திருப்பினால் போதும், ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நடப்பதே பிழைப்பு, அதிலேயே கோளாறு என்றால் வைத்திருப்பார்களா? சாம்பிள் ரூமின் அந்த இருபதடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்துவிடுவாள். வேலைக்கு நடந்தே போனவள் ஷேர் ஆட்டோ ஏறினாள். சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நிற்கப் பயந்து, சர்ச்சுக்குப் போவதையே விட்டாள். ஏன் வரவில்லை என்று ஒரு ஜனம் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் படுத்தால் திங்கட்கிழமைதான் எழுந்தாள்.

ஐப்பசியில் ஒரு புது மாடல் வந்தது.

"குதிகால் லூசா கீது பாய்" என்றாள். ஆபித் பாஷா அச்சை இழைத்தார். மறுவாரம், "இன்னும் லூசுதான்." மறுபடியும் இழைத்தார்.

"இன்னாம்மா, இந்த மாடல் பெரிய பேஜாரா இருக்கே" என்று அலுத்துக்கொண்டார். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. தன் கால்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரமே பாத்ரூமில் விழுந்தாள். ஊன்றிய கை, மணிக்கட்டில் முறிந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர், இவ்வளவு சின்ன விழுதலுக்கு உடையக் கூடாதே என்று ஸ்கேன் எடுத்தார். எலும்பு அறுபத்தைந்து வயசுக்காரியின் எலும்பாக இருந்தது. தலைசுற்றல் கதை அப்போதுதான் வெளியே வந்தது. காதைச் சோதித்துவிட்டு, உடற்பயிற்சி சொல்லித்தரும் ஷர்மிளாவிடம் அனுப்பினார்கள்.

"காதுக்குள்ள ஒரு சின்ன உறுப்பு இருக்குதும்மா" என்றாள் ஷர்மிளா. "தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு அதுதான் சேதி அனுப்புது. அதை வெச்சுத்தான் கால் சதை இறுகி நம்மள நிக்க வெக்குது. ஜுரத்துல உங்களுக்கு ஒரு பக்கம் அது கெட்டுப்போச்சு. மிச்சத்த நீங்க பயந்து உக்காந்தே கெடுத்துட்டீங்க. சதைக்கு வேலை இல்லன்னா எலும்பும் கரையும். காதுலேர்ந்து எலும்புக்கே நேரா சேதி போகுதான்னுகூட ஆராய்ச்சி பண்றாங்க."

கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தாள்.

"பாதத்தயும் அளங்க மேடம்" என்றாள் ஜாஸ்மின். தன் பாதத்தின் சுற்றளவு இருபத்திரண்டரை சென்டி என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். டேப் இருபத்தொண்ணே முக்காலில் நின்றது. லூசு லூசு என்று அவள் இரண்டு தரம் இழைக்க வைத்த அச்சு நினைவுக்கு வந்தது.

"சரியாயிடுமா?"

"நடக்கணும், பயிற்சி பண்ணணும். மாசக்கணக்காகும். சும்மா உக்காரவே கூடாது. பக்கத்துல நின்னு புடிச்சுக்க வீட்டுல யாரு இருக்காங்க?"

"யாருமில்லன்னு எழுதிக்கங்க."

மறுநாள்தான் அந்த அச்சை முடிவு செய்து அனுப்பும் நாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் இடம் அவளுக்கே. ஆயிரக்கணக்கான ஷூ யார் யார் காலையோ கடிக்கும், பழி ஆபித் பாஷா தலையில் விழும். சொல்லிவிட்டால் அந்த ரூமில் அவளுக்கு என்ன வேலை? பஸ் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுது முடித்தாள்.

காலையில் கட்டுக் கையோடு போய் நின்றாள். "பாய், முதல் அச்சு சரியாத்தான் இருந்துச்சு. என் கால்தான் இளைச்சிடுச்சு."

ஆபித் பாஷா குனிந்து இரண்டு தரம் அளந்தார். "எத்தினி மாசமா இப்படி?"

"ஏழு."

"ஏம்மா சொல்லல?"

"யார்கிட்ட பாய் சொல்றது?" கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

தையல் லைனிலிருந்து நித்யஸ்ரீ என்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள். முப்பத்தேழாம் நம்பர் கால். இழைத்த அச்சில் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் நாலடி வைத்தாள், முகம் சுளித்தாள். ஆபித் பாஷா ஒரு ஸ்டூலை ஜாஸ்மின் பக்கம் தள்ளி, "நீ உக்காரும்மா" என்றார்.

"உக்காரக் கூடாது பாய்" என்றாள் ஜாஸ்மின்.

அவர் காதில் அது விழவில்லை. புதுப் பெண்ணின் காலடியில் மண்டிபோட்டு, "எங்க புடிக்குது, சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.