நடவு வயலில் ஓர் ஒப்பாரி

மேலகரத்து வயல்களில் நடவு என்றால் உலகம்மாள் வேண்டும். அவள் வாயைத் திறந்தால் போதும், குற்றாலச் சாரலில் விறைத்துப்போய்க் குனிந்து நிற்கிற பெண்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும், இடுப்பு வலி மறந்துபோகும். கங்காணி முத்துராமலிங்கம்கூட, "உலகு வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்றுக்கட்டை இறக்கச் சொல்வான். கொடுத்துவைத்தவள், கவலையில்லாத பிறவி என்றது ஊர். ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகும்.

அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. முப்பிடாதி என்று பெயர், பால்குடி மறக்காத பெண் குழந்தை. வரப்பில் துணி விரித்துக் கிடத்தியிருந்தாள். அவள் நட்டு நிமிர்வதற்குள் அது தவழ்ந்துபோய் வாய்க்காலில் விழுந்துவிட்டது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த குருவம்மாள்தான் ஓடிப்போய்த் தூக்கினாள். மூச்சு இல்லை. மண்ணில் விழுந்து அழப்போன உலகம்மாளை, சேதி கேட்டு ஓடிவந்த மாமியார் முடியைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"பால்குடிப் பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கிற வழக்கம் நம்மள்ல உண்டாட்டி? பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? ஆம்பளைய பொதைச்சுக்கிடுவாவ. மிச்ச நாத்து காயுது பாரு, போ."

போனாள். பொழுது சாயும்வரை நட்டாள். அட, நீங்களும் மனுஷ ஜென்மங்களா!

அதன்பிறகு வீட்டில் அவள் கண் கலங்கக் கூடாது. கலங்கினால், வாழ்கிற வீட்டில் மூதேவியைக் கூப்பிடுகிறாள் என்று மாமியார் கரண்டியைத் தூக்குவாள். எத்தனை நாள்தான் நெஞ்சுக்குள் பூட்டிவைப்பது? கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். துஷ்டி வீடு. அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். செத்தவர் பேரைச் சொல்லி அவளவள் தன் வீட்டுச் சாவுக்குத்தான் அழுகிறாள். யாரும் யாரையும் கேட்பதில்லை. யார் செத்தாலும் உலகம்மாள் ஓடினாள். அந்த வட்டத்துக்குள் தன் பிள்ளைக்காக அழுது தீர்த்துவிட்டு வந்தால் நாலு நாளைக்குக் கஞ்சி இறங்கும்.

ஆனால் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா? மறுநாள் வயலில், "நேத்து அவ எப்பிடி அழுதா, செஞ்சு காட்டுட்டி" என்பார்கள். இவளும் மூக்கைச் சிந்தி, மாரில் அடித்து, அப்படியே செய்து காட்டுவாள். நட்டுக்கொண்டிருக்கிற நிரையே விழுந்து விழுந்து சிரிக்கும்.

யுத்தம் தொடங்கிய வருஷம் பண்ணையார் தளவாய் செத்தார். பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் கிடந்து ஓய்ந்த கிழவர். வட்டத்தில் உலகம்மாளும் இருந்தாள். ஐயாவே, சாமியே என்று எடுத்தவளுக்கு நடுவில் பிடி நழுவிவிட்டது.

"பால்குடி மறக்கலியே என் ராசாத்தி, பச்சத்தண்ணி குடிச்சியே என் ராசாத்தி!"

வயலில் செய்கிற கூத்தை இங்கேயும் தொடங்கிவிட்டாள் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். கிழவரைப் போய் ராசாத்தி என்கிறாளே! முதலில் குருவம்மாளுக்குத்தான் களுக்கென்று சிரிப்பு வந்தது. அடுத்து ஒருத்தி வாயைப் பொத்தினாள். பிறகு வட்டமே குலுங்கியது.

தாலி இழந்து கிடந்த பார்வதியம்மாள் எழுந்து வந்து உலகம்மாளை ஓங்கி அறைந்தாள். "எம் புருசன் சாவு ஒனக்குக் கூத்தாட்டி, சவத்து மூதி? இனி இந்த ஊர்ல எந்தச் சாவு வீட்டுலயும் இவ காலு படக் கூடாது!"

பண்ணையார் வீட்டு வார்த்தையை யார் மீறுவது? பிள்ளை நினைப்பு வந்து அழுதேன் என்று அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டுதானே இருந்தாள் என்றார்கள். புருஷன் இசக்கியப்பன் தன் பங்குக்குச் செருப்பைக் கழற்றினான். அதற்குப்பின் அடுத்த தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டால் மாமியார் கதவைச் சாத்தி வாசலில் உட்கார்ந்துகொள்வாள். உலகம்மாள் உள்ளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள்.

அடுத்த நடவு பிள்ளை விழுந்த அதே வாய்க்காலடி வயலில். உலகம்மாள் வாய் திறக்காமல் நட்டாள். "என்னட்டி உம்முனு இருக்கே? பண்ணையார் வீட்டுல வச்சியே ஒரு ஒப்பாரி, அத எடுத்து விடு!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

உலகம்மாள் வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள். பால்குடி மறக்கலியே என் ராசாத்தி. சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. கங்காணிகூட வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். அவள் குரல் ஏற ஏற அவர்களும் ஏறினார்கள்.

பக்கத்தில் நின்ற குருவம்மாள்தான் கவனித்தாள். உலகம்மாளின் கண்ணீர் பொலபொலவென்று சேற்றில் விழுந்துகொண்டிருந்தது. தன் கையால் தூக்கிய பிள்ளையின் ஈர உடம்பு குருவம்மாளுக்கு நினைவு வந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏ உலகு..."

உலகம்மாள் சேற்றுக் கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "நிறுத்தாத, குருவு. ஒனக்குப் புண்ணியமாப் போவும், சிரி. நீ நிறுத்தினா இவளுவளும் நிறுத்திருவாளுவ. பெறவு நான் எங்கன போயி அழ?"

குருவம்மாள் சிரித்தாள். உலகம்மாள் அடுத்த அடியை எடுத்தாள்.