தங்கா பத்துச் சாலையில் நின்ற டாக்சி

டின் மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்க்கிறார் காளிதாஸ். பிறகு ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து ஊதுகிறார். சட்டென்று காய்ந்தால் பெட்ரோல், பிசுபிசுத்தால் டீசல். "ம், ஏறுங்கலா" என்று பயணிகளை அழைப்பது அதற்குப் பிறகுதான்.

மலாயாவில், மலாக்காவுக்குப் பக்கத்து ஊரான மஸ்ஜித் தானா பசாரில் பழைய மோரிஸ் டாக்சி ஓட்டுகிறார். பருத்த உடம்பு, வண்டிக்குள் நுழையும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். வாயில் எப்போதும் ஏலக்காய்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், தோட்டத்துத் தொழிலாளி சாமிக்கண்ணு, பிரசவ வலியில் துடித்த மனைவி கோமளாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம், இருட்டினால் ஊரடங்கு, சாலையில் எது அசைந்தாலும் துப்பாக்கி பேசும். பதற்றத்தில் காளிதாஸ், மில்லுக்குக் கொடுக்க வைத்திருந்த டீசல் டின்னை எடுத்துத் தம் வண்டியில் கவிழ்த்துவிட்டார்.

வழியில், தங்கா பத்து என்ற ஊருக்கு அருகே டாக்சி இருமியது, குலுங்கியது, நின்றது.

"இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே!" சாமிக்கண்ணு கெஞ்சினார்.

வாடையிலேயே காளிதாசுக்கு விளங்கிவிட்டது. "வேணாம் தம்பி. முடுக்க முடுக்க டீசலு உள்ளாரதான் ஏறும். தப்பு என்னோடது. நீ தங்கச்சியப் பாத்துக்க."

வண்டிக்கடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகைக் கழற்றினார். டீசல் முழுவதும் மண்ணில் ஓடியது. குழாயைப் பிரித்து வாயால் ஊதினார். கார்புரேட்டரைச் சட்டைத் துணியால் துடைத்தார். எல்லாம் சுத்தம். ஊற்றத்தான் பெட்ரோல் இல்லை.

அந்த வழியாகக் கம்பத்துக்கு, தம் கிராமத்துக்கு, திரும்பிக்கொண்டிருந்த வயதான மலாய்க்காரர் பாக் சமாட், மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கோமளாவின் முனகல் காதில் விழுந்ததும் எதுவும் விசாரிக்கவில்லை. தம் வண்டியின் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, இருந்ததையெல்லாம் டின்னில் வடித்தார். "அம்பில்லா" என்று நீட்டினார், எடுத்துக்கொள் என்று.

நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று காளிதாஸ் மலாயில் கேட்பதற்குள் அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். ஊரடங்குக்குள் அவரும் வீடு சேரவேண்டும்.

எஞ்சின் வெள்ளைப் புகை கக்கிக் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த சற்று நேரத்தில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

"சாமிக்கண்ணு என்னையக் கும்புடுறான். எனக்கு எதுக்குலா கும்புடு? அந்த மனுசன் தள்ளிக்கிட்டே போனாரே, அதுதான் கண்ணுலயே நிக்குது" என்கிறார் காளிதாஸ்.

நேற்று நானும் வேறு இரண்டு பயணிகளும் அவர் டாக்சியில் மலாக்காவுக்குப் போனோம். வழியில் பாக் சமாட் வெயிலில் நடந்துபோய்க்கொண்டிருந்தார். காளிதாஸ் வண்டியை ஓரங்கட்டி, எங்களை நெருங்கி உட்காரச் சொன்னார். பிறகு இறங்கிச் சுற்றிப்போய், கதவைத் திறந்து, கிழவர் ஏறி அமரும்வரை இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.